நம்ம வீடு (குடும்பக் குழு)

சுதா: கவினுக்கு நேற்று ராத்திரியில் இருந்து வயிற்றுவலி. இரண்டு தடவை வாந்தி. இப்போது லேசாகக் காய்ச்சலும். என்ன செய்யலாம்?

பெரியப்பா: சூடாக இருக்கும். நாளைக்குச் சரியாகிவிடும்.

முரளி மாமா: (காலை வணக்கம் படம்)

கார்த்திக்: மாமா, சாயங்காலம் ஆறு மணி.

செல்வி அத்தை: சுதா, வலி எங்கே?

சுதா: காலையில் தொப்புளைக் காட்டினான். இப்போது வலப்பக்கம், கீழே. காலை மடக்கியே படுத்திருக்கிறான்.

செல்வி அத்தை: ஒரு தடவை குதிக்கச் சொல்லிப் பார்.

சுதா: மாட்டேன் என்கிறான். நடந்தாலே முகம் சுளிக்கிறான்.

செல்வி அத்தை: குடல்வாலாக இருக்கலாம். இன்றே காட்டிவிடு.

பெரியப்பா: எல்லாவற்றுக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடினால் எப்படி?

கார்த்திக்: அப்பா, 2020-லும் இதையேதான் சொன்னீர்கள். தழும்பு இன்னும் இருக்கிறது.

பெரியப்பா: ஊரே அடைந்து கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா ஒட்டிக்கொள்ளும் என்று நான் மட்டுமா பயந்தேன்?

செல்வி அத்தை: உங்களை மட்டும் சொல்லவில்லை அண்ணா. எங்கள் வார்டில் அந்த வருடம் இதே கதைதான். பல நாடுகளில் கணக்கெடுத்தபோதும், குடல்வால் வெடித்த பிறகு வந்த குழந்தைகளின் பங்கு முந்தைய வருடங்களைவிடக் கூடியிருந்தது. நோய் மாறவில்லை, வந்து சேர்ந்த நேரம்தான் தள்ளிப்போனது. காய்ச்சல் என்றதும் எல்லாருக்கும் கொரோனா நினைப்பு. டாக்டர்களும் போனிலேயே மருந்து சொன்னார்கள். வயிற்றை அழுத்திப் பார்க்காமல் இது எப்படித் தெரியும்? போதாததற்கு, கொரோனா வந்து போன சில வாரம் கழித்துச் சில பிள்ளைகளுக்கு உடம்பு முழுக்க அழற்சி வந்தது, மிஸ்-சி என்பார்கள். அதிலும் காய்ச்சல், வாந்தி, வயிற்றுவலிதான். குடல்வால் என்று நினைத்து ஆபரேஷன் வரைக்கும் போனவர்களும் உண்டு.

கார்த்திக்: அத்தை, கொஞ்சம் மூச்சு விடுங்கள்.

செல்வி அத்தை: நீ சும்மா இரு. உனக்கு வலி திடீரென்று குறைந்ததும் வீட்டில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அப்போதுதான் அது வெடித்தது.

பெரியப்பா: இதை இன்னும் எத்தனை வருடம் இழுப்பீர்கள்?

முரளி மாமா: எனக்கும் சின்ன வயதிலேயே எடுத்துவிட்டார்கள். அது சரி, பாட்டி வீட்டுப் பத்திரம் யாரிடம் இருக்கிறது?

பெரியப்பா: அதை இங்கே ஏன் கேட்கிறீர்கள்?

சுதா: மாமா, ப்ளீஸ். அத்தை, ஆபரேஷன் இல்லாமல் மருந்திலேயே சரியாகாதா? கொரோனா சமயத்தில் அப்படிச் செய்தார்களாமே.

செல்வி அத்தை: சில இடங்களில் ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்தார்கள். அது வெடிக்காமல் இருந்தால்தான். அதிலும் சிலருக்குத் திரும்ப வரும். ஸ்கேன் பார்த்து அவர்கள் சொல்லட்டும். அதுவரை சாப்பிட, குடிக்க எதுவும் கொடுக்காதே.

கார்த்திக்: அக்கா, கார் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

பெரியப்பா: சாவி என்னிடம்.

கார்த்திக்: தெரியும்.

சுதா: இவரும் ஊரில் இல்லை. சின்னவளை யாரிடம் விடுவது?

முரளி மாமா: (கட்டைவிரல் படம்)

சுதா: மாமா, வருகிறீர்களா, இல்லையா?

செல்வி அத்தை: நான் டியூட்டி முடிந்து நேராக அங்கே வந்துவிடுகிறேன். அண்ணா, சின்னவள்?

பெரியப்பா: கொண்டு வந்து விடட்டும். ஸ்கேன் ரிசல்ட்டை எனக்குத் தனியாகப் போடு சுதா. இந்தக் குழுவில் வேண்டாம்.

முரளி மாமா: அப்போ பத்திரம்?