5 பேருக்கான தற்காலிகக் குடில்: பிவிசி சட்டமும் நாலு முளையும் போதுமா?

வரைபலகை (கேள்வி):
புயல், வெள்ளத்துக்குப் பிறகு 5 பேர் குடும்பம் ஒன்று சில மாதம் தங்குகிற மாதிரி ஒரு குடில் வரைந்துகொண்டிருக்கிறேன். கைவசம் நிவாரணத்தில் வழக்கமாக வரும் 4×6 மீட்டர் தார்ப்பாய் இரண்டு. தரை 3.5×5 மீட்டர், கூரைச் சாய்வு 10 டிகிரி, சட்டத்துக்கு 40 மி.மீ. பிவிசி குழாய். சட்டம் 25 கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது. நாலு மூலையிலும் 30 செ.மீ. முளை அடிப்பதாகத் திட்டம். எங்கே தப்பு வரும்?

கைமரம்:
பரப்பு சரி. ஸ்ஃபியர் கையேடு (பேரிடர் நிவாரணத்துக்கான சர்வதேசக் குறைந்தபட்ச அளவுகோல்கள்) ஆளுக்குக் குறைந்தது 3.5 ச.மீ. கேட்கிறது, உங்களுக்கு 17.5 வந்துவிட்டது. மற்றதெல்லாம் மாற வேண்டும்.

சட்டத்தின் எடையைக் குறைப்பதிலேயே மூழ்கிவிட்டீர்கள். புயலில் இந்த மாதிரிக் குடில் கீழே அமுங்குவதைவிட மேலே கிளம்புவதுதான் அதிகம். காற்றழுத்தம் = 0.613 × வேகத்தின் வர்க்கம். மணிக்கு 90 கி.மீ., அதாவது நொடிக்கு 25 மீட்டர் என்றால் ச.மீட்டருக்கு 383 நியூட்டன். கதவு திறந்து காற்று உள்ளே புகுந்த நிலைக்கு மேல்நோக்கிய குணகத்தை (காற்றழுத்தத்தில் எத்தனை பங்கு கூரையைத் தூக்கும் என்ற எண்) 1 என்று வையுங்கள். 20 ச.மீ. கூரையை ஏறத்தாழ 780 கிலோ விசை தூக்கும். சட்டமோ 25 கிலோ! எட்டு இடத்தில் கட்டினால் இடத்துக்கு 100 கிலோ. காற்று மோதும் பக்கம் கூடுதலாக வாங்கும் என்பதால் ஒவ்வொன்றையும் 200க்குப் போடுங்கள். 30 செ.மீ. முளை நனைந்த மண்ணில் கையால் இழுத்தாலே வந்துவிடும்.

பிவிசி வேண்டாம். வெயிலில் இளகித் தொய்யும், நாள்பட நொறுங்கும். உடைவது எப்போதும் இணைப்பு முடியும் விளிம்பில்தான். 60 மி.மீ. முற்றிய மூங்கில் மீட்டருக்குச் சுமார் 1 கிலோ. உங்களுக்கு 50 மீட்டர் தேவைப்படும். 50 கிலோவா என்று பயப்பட வேண்டாம், மூன்று கட்டாகக் கட்டினால் ஆளுக்கு ஒன்று தூக்கிவிடலாம். போல்ட் துளையைக் கணுவை ஒட்டிப் போடுங்கள், நடுவில் போட்டால் நீளவாக்கில் பிளக்கும். நாலு பக்கச் சுவரிலும் ஒரு மூலைவிட்டக் கழி கட்டாயம். அது இல்லாத சட்டம் முதல் காற்றிலேயே சாய்சதுரமாகிவிடும்.

பாய்முடிச்சு:
தார்ப்பாய்க் கணக்கைப் பார்த்தீர்களா? 10 டிகிரியில் பாய் தொய்ந்து குளம் கட்டும். ஒரு ச.மீட்டரில் 10 செ.மீ. நீர் நின்றால் 100 கிலோ. சாய்வை 30 ஆக்குங்கள். ஆக்கினால் 3.5 மீட்டர் அகலத்துக்கு இரு சரிவும் சேர்ந்து 4.04 மீட்டர் பாய் வேண்டும், இருப்பது 4. இறவாரமே இருக்காது. அதனால் 6 மீட்டர் பக்கத்தை முகட்டின் குறுக்கே போடுங்கள். தரையை 3.9×4.5 (முகட்டின் குறுக்கே 4.5) ஆக்கினால் 17.55 ச.மீ., இருபுறமும் 40 செ.மீ. இறவாரம். ஓரக்கால் 1.5 மீட்டர் என்றால் முகடு 2.8 மீட்டர்.

இரண்டாவது பாயை 1.5 மீட்டர் அகலத்தில் இரண்டாக வெட்டினால் 12 மீட்டர் சுவர் கிடைக்கும். மூன்று பக்கம் 12.3 மீட்டர். குறையும் 30 செ.மீ.யையும் கதவுப் பக்கத்தையும் கோரைப்பாய், தட்டி என எது கிடைக்கிறதோ அதால் அடையுங்கள். மேல் முக்கோணங்கள் இரண்டிலும் கொசுவலை மட்டும். பிளாஸ்டிக் அடைத்தால் இரவெல்லாம் உள்ளே வியர்த்துக் கொட்டும்.

பாயில் ஆணி நேராக அடிக்காதீர்கள். காற்றில் துடிக்கத் துடிக்க ஓட்டை நீண்டு கிழியும். ஓரத்தை ஒரு சிம்பில் (மெல்லிய மூங்கில் பிளாச்சில்) இரண்டு சுற்று சுற்றி, சிம்போடு சேர்த்துக் கட்டுங்கள். நடுவில் கட்ட வேண்டிய இடத்தில் உள்ளிருந்து ஒரு கூழாங்கல்லை வைத்து, வெளியே கழுத்துப் பிடித்துக் கயிறு இறுக்கினால் துளையே வேண்டாம். இழுகயிற்றுக்கு நைலான் வேண்டாம், நனைந்தால் தளரும். பாலியெஸ்டர் நல்லது.

வரைபலகை:
நன்றி. 200 கிலோ பிடிக்க எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும்? சிமெண்டுத் தளம் என்றால்?

கைமரம்:
மண்ணில்: 40×80 செ.மீ. குழி, 60 செ.மீ. ஆழம். அடியில் மணல் மூட்டையைப் படுக்கப் போட்டு, நடுவில் கயிறு கட்டி, 20 செ.மீ.க்கு ஒருமுறை மிதித்து மூடுங்கள். மேலே ஏறக்குறைய 300 கிலோ மண் உட்காரும். தண்ணீரில் மூழ்கினால் அந்தப் பிடிப்பு பாதியாகும், ஆகவே தாழ்வான இடத்தில் ஆழத்தை 80 செ.மீ. ஆக்குங்கள்.

தளத்தில்: இடத்துக்கு 25 கிலோ மணல் மூட்டை எட்டு, ஒரே வலைக்குள் கட்டி. தனித்தனியே அடுக்கினால் கயிறு ஒன்றைத்தான் இழுக்கும். (ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு காகிதக் குழாய் வீடுகளை நிறுத்தியதும் மணல் மூட்டை போட்ட பீர் கிரேட்டுகளின் மேல்தான்.) 200 லிட்டர் தண்ணீர் டிரம்மும் ஆகும், ஆனால் சரிவாக இழுத்தால் வழுக்கும். வெள்ளம் ஏறுகிற இடத்தில் டிரம்மே கூடாது. தண்ணீர் மட்டம் டிரம் உயரத்துக்கு வந்ததும் அதன் எடை கணக்கில் இல்லாமல் போகும்.