கண்ணைத் திறந்தபடியே மயக்கமா?

கொய்யாமரம் (கல்லடி):
போன ஞாயிறு என் மகன், ஏழு வயது, மரத்தால் விழுந்து முன்கை வளைந்துவிட்டது. ஈ.டி.யூ.வில் (அவசர சிகிச்சைப் பிரிவு) எலும்பை நேராக்க ஊசி ஏற்றினார்கள். ஒரு நிமிடம்தான் இருக்கும், பிள்ளை கண்ணைத் திறந்தபடியே கிடக்கிறான், கருவிழி இரண்டும் பக்கவாட்டில் ஆடுகிறது, "மகன்" என்று கூப்பிட்டால் பார்வை என்னைத் தாண்டி எங்கேயோ போகிறது. கடைசியாக எப்போது சாப்பிட்டான் என்று மூன்று தரம் கேட்டவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழும்பி ஒருதரம் சத்தி எடுத்தான், மறுகா சரி. இது என்ன மருந்து? மூளைக்கு ஏதும் செய்யுமா? மயக்க டொக்டர் இல்லாமல் கொடுக்கலாமா?

இரவு டியூட்டி:
அக்கா, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கெட்டமின். மற்ற மருந்துகள் தூங்க வைக்கும், இது பிள்ளையை வலியிலிருந்து கழற்றி வைக்கும், அதனால் கண் திறந்திருக்கும், ஆடும், ஆனால் ஆள் அங்கே இல்லை. மூச்சைப் பெரும்பாலும் அவனே எடுப்பான், பிரஷரும் லேசில் விழாது. வியட்நாம் யுத்தத்தில் காயப்பட்டவர்களுக்குக் கொடுத்த மருந்துதான். நரம்பில் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம், 10 - 20 நிமிடத்தில் தெளியத் தொடங்கும். சத்தி வழமை. ஒருதரம் கொடுத்ததற்கு மூளையை நினைத்துப் பயப்படாதீங்க. பழகிய ஈ.டி.யூ. டொக்டர் கொடுக்கலாம், ஆனால் எலும்பை இழுக்கிறவர் வேறு, மூச்சைப் பார்க்கிறவர் வேறாக இருக்க வேண்டும். அரிதாகக் குரல்வளை இறுகும், அந்த நேரம் ஒட்சிசனும் மூச்சுக் கொடுக்கிற பேக்கும் கைக்கெட்டும் தூரத்தில் வேணும்.

ஏறாவூர் கீப்பர்:
எனக்குத் தோள் விலகினபோது மிடசோலம் என்ற மயக்க ஊசி. டொக்டரிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்டேனாம், எனக்கு ஒரு மண்ணும் ஞாபகமில்லை, அந்த மருந்தின் குணமே அதுதானாம். தெளிந்ததும் பைக் எடுக்க வெளிக்கிட்டேன், மிஸ்ஸி (தாதி) திறப்பைப் பறித்துத் தம்பியிடம் கொடுத்துவிட்டா. அப்போது கோபம்தான்.

கொய்யாமரம்:
ஆஸ்பத்திரி அட்டையில் கெட்டமின் என்றுதான் எழுதியிருக்கு. ஒரு மிஸ்ஸி விரலில் ஒட்சிசன் அளவைக் காட்டும் கிளிப்பை மாட்டிவிட்டு தலைமாட்டை விட்டு அசையவே இல்லை, நான் அவவை வேலை இல்லாமல் நிற்கிறா என்று நினைத்தேன். ஆனாலும் "கண் திறந்திருக்கும் அம்மா" என்று முதலே சொல்லியிருக்கலாம்.

இரவு டியூட்டி:
சொல்லியிருக்க வேணும், சனம் நெரிசல் என்பதெல்லாம் சாட்டு. சரி, பிளாஸ்டர் போட்ட கையில் விரல் நீலித்தாலோ விறைத்தாலோ கிளினிக் நாள் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே கொண்டுபோங்கள்.