சாமி அரிவாளுக்கும் தோய்ச்சல் உண்டு

செங்கோட்டையிலிருந்து புளியரை போகிற வழியில் ஒரு கொல்லுப்பட்டறை. எங்கள் வீட்டில் கருப்பனுக்கு அரிவாள் நேர்ந்திருந்தார்கள், அடிக்கக் கொடுத்தது அங்கேதான். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் இருக்கிற அச்சன்கோவில் கருப்பன் எங்கள் பக்கத்துக்கு எவ்வளவு நெருக்கம் என்று இங்கே பலருக்குத் தெரியும். 1956 வரை செங்கோட்டையே திருவிதாங்கூரோடுதானே இருந்தது, சாமிக்கு மலைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று ஏது.

செருப்பை வெளியே விடச் சொன்னார் ஆசாரி. குளித்து, திருநீறு பூசி, உலைக்குக் கற்பூரம் காட்டிய பிறகுதான் கரியை மூட்டினார். இரும்பு வழக்கம்போல் பழைய லாரி ஸ்பிரிங் பட்டை. அடித்து வளைத்து உருவம் கொண்டுவர மதியம் ஆகிவிட்டது, அதுவரை அதிகம் பேசவில்லை.

பட்டறை ஏன் இவ்வளவு இருட்டு என்று கேட்டேன். “வெளிச்சத்துல இரும்போட நிறம் பொய் சொல்லும் தம்பி” என்றார். சூடு 770 டிகிரியைத் தாண்டினால் இரும்பைக் காந்தம் பிடிக்காது, அதை வைத்துச் சோதிப்பவர்களும் உண்டு. இவருக்குக் கண்ணே போதும். அடுத்தது தோய்ச்சல், அதாவது சூட்டிரும்பைத் தண்ணீரில் முக்கி அதன் வாயை, வெட்டும் விளிம்பை, பதப்படுத்துகிற வேலை. சிவப்பு சரியான பதத்துக்கு வந்ததும் வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணீரில் இறக்கி உடனே எடுத்தார், செங்கல் துண்டால் கறுப்பைத் தேய்த்து வெள்ளை இரும்பு தெரியும்படி செய்துவிட்டு அசையாமல் பார்த்துக்கொண்டே நின்றார். முதுகில் தங்கியிருந்த சூடு மெதுவாக வாய்க்கு இறங்க, அந்த வெள்ளையில் வைக்கோல் மஞ்சள் படர்ந்தது, பின்னாலேயே தவிட்டு நிறம், அதற்கும் பின்னால் ஊதா. மஞ்சள் விளிம்பைத் தொட்ட அந்த நொடியில் முழுசாகத் தண்ணீருக்குள் போட்டுவிட்டார். கொஞ்சம் பிந்தினால் வாய் மெத்தென்று ஆகிவிடுமாம், முந்தினால் விண்டு போகுமாம்.

கோயிலில் நட்டு வைக்கப்போகிற அரிவாள், எதையும் வெட்டப்போவதில்லை, இதற்கு எதற்கு இந்தத் தோய்ச்சல் என்றேன். “கருப்பன் கையில மழுங்கலைக் கொடுக்கச் சொல்றியா?” என்றார், கொஞ்சம் கோபமாகவே. யாருமே சோதித்துப் பார்க்கப்போகாத இடத்தில் அந்த மனிதர் காட்டிய கவனத்துக்குப் பக்தி என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

*

அண்ணா, நீங்கள் எழுதிய அந்தப் பட்டறை இருட்டு விஷயம் ரொம்பச் சரி. நான் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்காரன். எங்கள் பக்கம் வெளிச்சப்பாட்டுக்கு, அதாவது பகவதி அருள் வந்து ஆடுகிறவருக்கு, பள்ளிவாள் செய்கிற ஒரு பெரியவரைப் பார்த்திருக்கிறேன். கொடுங்கல்லூர் பகவதி கோயில் பரணித் திருவிழாவுக்கு எடுத்துப்போகிற வாள், நுனி வளைந்து, சின்னச் சின்ன மணிகள் கோத்தது. அவருக்குப் பாதி வேலை காதில்தான். மணி வளையத்தைக் கோத்துவிட்டு வாளைக் காதருகே குலுக்குவார், ஓசை பிடிக்கவில்லை என்றால் கழற்றி மறுபடி தட்டுவார். சத்தம் சேராமல் அருள் எப்படி வரும் என்று கேட்டார், அதற்கு நான் என்ன பதில் சொல்ல.

இன்னொன்று. எங்கள் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் சங்க காலத்தில் நொய்யல் கரைக் கொடுமணலும் மேற்குக் கடற்கரை முசிறித் துறைமுகமும் வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்தன. கொடுமணலில் 1980களில் தோண்டியபோது இரும்பு உருக்கிய உலைகளே கிடைத்தன. வாள் செய்கிற அந்தப் பெரியவரிடம் இதைச் சொன்னேன், ஆச்சரியப்படவே இல்லை, “அங்க என்ன கரி போட்டாங்க?” என்று மட்டும் கேட்டார். இவர் போடுவது சிரட்டைக் கரி.

பார்க்க ஆசை இருப்பவர்கள் மீன மாத (நம் பங்குனி) பரணிக்குக் கொஞ்சம் முன்னாடி வாருங்கள், அப்போதுதான் வாள் வேலை நடக்கும், மற்ற நாளில் மண்வெட்டியும் கொடுவாளும்தான்.