புதுப்பிப்பு: முட்டிவலி அம்மாவோடு ஸ்லாட்டர் நடை

முட்டிவலிக்கார அம்மாவை இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுப் பகுதியில் எங்கே நடக்கக் கூட்டிப்போகலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பலரும் சொன்ன லோயர் ஸ்லாட்டர் - அப்பர் ஸ்லாட்டர் கிராமங்களுக்கு இடையிலான பாதைக்கே போய்வந்தோம். ஒரு வழிக்கு சுமார் 1 மைல். ஏற்றம் பேருக்குத்தான். ஐ (Eye) என்ற ஆறு கூடவே வருகிறது.

வம்பு பண்ணியது சேறு. 'ஸ்லாட்டர்' என்பது இங்கே வெட்டுக்குத்து இல்லை, பழைய ஆங்கிலத்தில் சேற்று நிலமாம். என் கேன்வாஸ் ஷூ அதற்குச் சாட்சி. பூட்ஸ் போடச் சொன்னவரே, மன்னிக்கணும்.

வயல் வேலியில் ஒருவர் மட்டும் நுழையும்படி முன்னும் பின்னும் ஆடும் கதவு. ஆள் ஒரு மூலையில் ஒதுங்கி, கதவை இந்தப் பக்கம் தள்ளிவிட்டு வெளியே வரணும். அம்மா நடுவில் மாட்டிக்கொண்டு, "முன்னாடி போகட்டுமா, பின்னாடி வரட்டுமாடா?" என்றார். தள்ளுவண்டிக் குழந்தை உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்பர் ஸ்லாட்டரிலிருந்து இரண்டு உலகப் போருக்கும் போனவர்கள் அத்தனை பேரும் உயிரோடு திரும்பினார்கள் என்றதும் அம்மா சற்று நேரம் பேசவில்லை. அப்புறம் முட்டியைத் தடவிக்கொண்டு, "திரும்பிப் போகவும் இதே தூரமா?" என்றார்.

பக்கத்து ஊரான போர்ட்டன் பக்கம் போகவில்லை. அது மழையில்லாத மாதத்தில், பூட்ஸோடு.