அணியும் நகைக்கு ஜகாத் உண்டா?

கேள்வி:
அஸ்ஸலாமு அலைக்கும். நான் பிறந்தது கீழக்கரையில், ஷாஃபி மத்ஹபை (இஸ்லாமியச் சட்டப் பிரிவை) பின்பற்றும் குடும்பத்தில். வாழ்க்கைப்பட்டது பள்ளப்பட்டியில், ஹனஃபி குடும்பத்தில். என்னிடம் 24 பவுன் நகை இருக்கிறது. அனைத்தும் நான் அணிபவையே. அணியும் நகைக்கு ஜகாத் (கடமையான தர்மம்) இல்லை என்று வாப்பா சொல்லக் கேட்டே வளர்ந்தேன். மாமியாரோ ஒவ்வொரு ரமலானிலும் தம் கைவளையல்களைக்கூடக் கழற்றி எடை பார்த்துக் கொடுக்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

மறுமொழி 1:
வ அலைக்குமுஸ்ஸலாம், சகோதரி. இருவரும் தத்தம் மத்ஹபின்படி சரியாகவே நடக்கிறார்கள். தங்க வளையல் அணிந்த மகளுடன் வந்த பெண்ணிடம், "இதற்கு ஜகாத் கொடுக்கிறாயா?" என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதாக அபூதாவூத் என்னும் நபிமொழித் தொகுப்பில் வரும் ஹதீஸை ஹனஃபிகள் ஆதாரமாகக் கொள்கின்றனர். ஆயிஷா (ரலி) அவர்கள் தம் பொறுப்பில் வளர்ந்த அநாதைப் பெண்களின் நகைகளுக்கு ஜகாத் கொடுக்கவில்லை என்று முவத்தா என்னும் நபிமொழித் தொகுப்பில் வரும் அறிவிப்பு, ஷாஃபிகள் உள்ளிட்ட மறுதரப்பினரின் சான்றுகளுள் ஒன்று. ஆனால் ஷாஃபியிலும் இந்த விலக்கு, வழக்கத்துக்கு மிஞ்சாமல் அணியும் நகைக்கு மட்டுமே. சேமிப்புக்காக வாங்கிய தங்கக் காசுக்கு அது பொருந்தாது.

மறுமொழி 2:
கொடுப்பதென்று முடிவு செய்தால் கணக்கு எளிது. நிஸாப் (ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவு) ஏறத்தாழ 85 கிராம், அதாவது பதினொரு பவுனுக்குச் சற்றுக் குறைவு. உங்கள் 24 பவுன் 192 கிராம், அதில் 2.5 சதவீதம் 4.8 கிராம். அந்த எடைக்குரிய அன்றைய விலையைப் பணமாகவே கொடுக்கலாம். செய்கூலி, சேதாரத்தைச் சேர்க்க வேண்டியதில்லை. கல்லையும் அரக்கையும் கழித்துவிடுங்கள். கடைக்காரர் விற்கும்போது அவற்றையும் சேர்த்துத்தான் எடை போட்டிருப்பார் என்பது வேறு கதை. நகை உங்களுடையது என்பதால் கடமையும் உங்களுடையதே. உங்கள் அனுமதியுடன் கணவர் தம் பணத்திலிருந்து கொடுத்தாலும் நிறைவேறிவிடும்.

மறுமொழி 3:
பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஜகாத்தைக் கொடுக்க முடியாது. வறுமையில் வாடும் உடன்பிறந்தாருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். இன்னொன்று, பலரும் ரமலானையே கெடுவாகக் கருதினாலும், நிஸாபை எட்டிய நாளிலிருந்து ஒரு சந்திர ஆண்டு நிறைவதே உண்மையான கெடு. அந்த ஆண்டு 354 நாட்கள்தாம் என்பதால், ஆங்கிலத் தேதியை வைத்துக் கணக்கிடுவோருக்கு ஆண்டுதோறும் பதினொரு நாள் பிந்திக்கொண்டே போகும். பெரும்பாலான நகை திருமணத்தன்று வந்ததாக இருந்தால், நிக்காஹ் தஃப்தரில் (திருமணப் பதிவேட்டில்) ஹிஜ்ரி (இஸ்லாமியச் சந்திர ஆண்டு) தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.