கனமான ரைபிளை வேட்டைக்கு எடை குறைக்க வழி?

செந்தூல்காரன்: ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் என் மச்சான் காட்டுப்பன்றி வேட்டைக்கு ரெமிங்டன் 700 ரைபிள் வைத்திருக்கிறார், .308 தோட்டா, தடித்த 26 அங்குலக் குழல், தொலைநோக்கியோடு கிட்டத்தட்ட 5 கிலோ. ஒரு நாள் மேடேறி இறங்கினால் மறுநாள் சட்டை மாட்டக் கையைத் தூக்க முடியவில்லையாம். குழலை வெட்டலாமா?

பாலிக் புலாவ் தோட்டம்: வெட்டிப் பெரிய லாபமில்லை அண்ணே. 4 அங்குலம் எடுத்தாலும் கால் கிலோதான் போகும், குண்டின் வேகமும் நொடிக்குச் சுமார் 30 மீட்டர் குறையும். முதலில் தொலைநோக்கியைக் கழற்றித் தராசில் வைக்கச் சொல்லுங்கள், வேட்டைக்கான சிறியது 350 கிராமிலேயே கிடைக்கிறது. அப்புறம் தோளில் ஊன்றும் கட்டை. கார்பன் நார்க் கட்டை போட்டால் இன்னும் 300, 400 கிராம் மிச்சம், பணம்தான் கரையும்.

பழைய வேட்டைக்காரன்: எடை குறைந்தால் தோளில் உதை கூடும், அதையும் சொல்லிவிடுங்கள். மெல்லிய குழல் மாட்டினால் நாலைந்து வெடியில் சூடேறிக் குறி நகர ஆரம்பிக்கும், பன்றிக் கூட்டத்தில் அது தொல்லை. என்னைக் கேட்டால் இதை விற்றுவிட்டு 3 கிலோ ரைபிள் வாங்குவதே மலிவு.

கிள்ளான் பையன்: கழற்றிய உதிரியை ஞாபகார்த்தமாகப் பையில் போட்டு இங்கே மலேசியாவுக்குக் கொண்டு வந்துவிடாதீர்கள் லா, நம் 1960 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியின் பாகமும் ஆயுதம்தான்.

செந்தூல்காரன்: சரி, இப்போதுதான் நிறுத்துப் பார்த்தாராம். தொலைநோக்கி மட்டுமே 780 கிராம்!