நேசமணியும் ரப்பர்த் தேனும்

எழுதக் கற்றுக்கொண்டது யாரிடம் என்று ஒவ்வொருவராகச் சொல்லி வருகிறீர்கள். பெரிய எழுத்தாளர்கள் பெயர்களாக வருகின்றன. என் பதில் வடிவேலு. குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் வலைப்பூவும் முகநூல் பதிவும் எழுத வருகிற சிலர், போடுவதற்கு முன்னால் என்னிடம் காட்டுவார்கள். அவர்களோடு உட்காரும்போதெல்லாம் எனக்குத் துணைக்கு வருபவர், ஃப்ரெண்ட்ஸ் படத்தில் வடிவேலு நடித்த காண்ட்ராக்டர் நேசமணிதான்.

அந்தப் படம் 2001இல் வந்தது. இயக்குநர் சித்திக் முதலில் 1999இல் மலையாளத்தில் எடுத்ததுதான். அங்கே அந்த வேடம் ஜகதி ஸ்ரீகுமாருக்கு. கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைப் பக்கத்து ஆட்களிடம் பேச்சுக் கொடுத்தால் இரண்டையும் பார்த்தவர்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள், எது ஒசத்தி என்று சண்டையும் போடுவார்கள். நான் சொல்ல வந்தது படத்தைப் பற்றியல்ல, 2019 மே மாதக் கடைசியில் நடந்ததைப் பற்றி.

பாகிஸ்தானில் பொறியியல் படிப்பவர்களுக்கான ஒரு முகநூல் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். ஒரு தமிழர் பதில் எழுதினார்: இதன் பெயர் சுத்தியல், அடித்தால் டங் டங்கென்று சத்தம் வரும், ஜமீன் பங்களாவில் வைத்து பெயிண்டிங் காண்ட்ராக்டர் நேசமணியின் மண்டையை அவருடைய சொந்தக்காரப் பையன் இதனால்தான் உடைத்தான், பாவம் மனுஷன். கீழே இன்னொருவர் கேட்டார்: இப்போ எப்படி இருக்கிறார்? அவ்வளவுதான். மே 30ஆம் தேதி டெல்லியில் மத்திய அமைச்சரவை பதவியேற்கிறது, ட்விட்டரில் ஊரெல்லாம் நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்கிறது. குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1இல் தமிழகத்தோடு இணையப் போராடிய மார்ஷல் நேசமணியின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்த ஊர் எங்களுடையது. அன்றைக்கு எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலர் என்னமோ ஏதோவென்று பதறியது வேறு கதை.

அந்தப் பதிலை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். பொருள், அதன் சத்தம், இடம், ஆள், பட்ட அடி. இது எந்தப் படம், வடிவேலு யார் என்ற விளக்கம் ஒன்றுகூட இல்லை. கதை தெரியாதவனுக்கும் ஒரு மனுஷனுக்கு அடிபட்டது தெரிகிறது. அதனால்தான் அடுத்த ஆளுக்கு 'இப்போ எப்படி இருக்கிறார்' என்று கேட்கத் தோன்றுகிறது. படித்தவன் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்துவிட்டால் எழுதியவன் ஜெயித்துவிட்டான் என்று நான் நம்புகிறேன். 'அருமை', 'சூப்பர்' எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இரண்டாவது பாடம் அதே படத்தில் இருக்கும் ஆணிக் காட்சி. சுவரில் தேவையில்லாத ஆணியைப் பிடுங்கச் சொல்வார் நேசமணி, எது தேவையான ஆணி என்று வேலைக்கு வந்த பையன்கள் கேட்பார்கள். தமிழ் வலைப்பதிவுகள் செழித்திருந்த காலத்தில் 'ஆணி புடுங்குறது' என்றால் ஆபீஸ் வேலை என்றே ஆகியிருந்தது, பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் அதைத் திருத்துகிற வேலைக்கு எடுத்துக்கொண்டேன்.

குலசேகரம் பக்கம் தேனீ வளர்க்கும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். சின்ன வயசிலிருந்து பெட்டியும் புகையுமாக வாழ்கிறவர். மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் 1920களில் தொடங்கிவைத்த தொழில் இது, இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அண்ணாச்சி முதன்முதலாக எழுதிக் கொண்டுவந்த பதிவு இப்படித் தொடங்கியது: 'தேன் என்பது இயற்கை அன்னை மனிதகுலத்துக்கு வழங்கிய அருட்கொடை.' பிறகு சங்க காலம், குறிஞ்சி நிலம், ஆயுர்வேதம். நான்காவது பத்தியின் நடுவில் ஒரே ஒரு வரி: ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதில்லை.

"அண்ணாச்சி, இதுல எதெல்லாம் தேவையில்லாத ஆணி?" என்று கேட்டேன்.

"எல்லாம் வேண்டியதுதானே மக்கா. நீயே சொல்லு, எது தேவையான ஆணி?"

படத்தில் பையன்கள் கேட்கிற அதே கேள்வி. தக்கலையில் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் முன்பு என்னிடம் சொன்னது அந்த நேரத்தில் கைகொடுத்தது. அவர் சினிமாவை லேசில் மெச்சமாட்டார். ஆனால் இந்தக் காட்சியை மட்டும் கூர்ந்து பார்த்திருக்கிறார். "அந்தப் பயலுவ கேட்டது நியாயமான கேள்விதானே தம்பி. எது வேணும் எது வேண்டாம்னு சுவத்தத் தொட்டுக் காட்ட அவருக்குத் தெரியல. அதனாலதான் ஆணியே புடுங்க வேண்டாம்னு கத்துதாரு. வகுப்புல பாதி வாத்தியாருங்களும் அப்படித்தான்." சுருக்கமா எழுதுங்க, ஈர்ப்பா எழுதுங்க என்று ஓரத்தில் கிறுக்கித் தருகிறவர்கள் எல்லோருக்கும் சார் சொன்னதைப் படித்துக் காட்ட வேண்டும் போலிருக்கிறது. எழுதுகிறவரிடம் விரலை வைத்து, இந்த வரி, இந்தச் சொல் என்று காட்டாத யோசனை யோசனையே இல்லை.

அதனால் அந்த ஒற்றை வரியில் விரலை வைத்தேன். "இதுதான் அண்ணாச்சி தேவையான ஆணி. பூவுல இல்லேன்னா வேற எங்கேருந்து?"

அவர் பதில் சொல்லவில்லை. தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மரமெல்லாம் இலை உதிர்த்துப் புதுத் துளிர் விட்டிருந்த நேரம். தாழ இருந்த ஒரு கொம்பை வளைத்து ஒரு இலையைக் காட்டினார். ரப்பர் இலை மூன்று மூன்றாக இருக்கும் அல்லவா, அந்த மூன்றும் காம்பில் சேருகிற முடிச்சில் கடுகளவு சுரப்பிகள். அதில் மினுங்கிக்கொண்டு நின்றது துளி. விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் இனிப்பு. "இந்த எல தளிரா இருக்கிற வரைக்கும்தான் ஊறும். முத்திட்டா நின்னுரும். அதுக்குள்ள பெட்டியில ஈ பெருகி இருக்கணும், இல்லேன்னா அந்த வருசம் போச்சு," என்றார்.

"இதை இப்படியே எழுதுங்க அண்ணாச்சி" என்றேன்.

எழுதினார். இயற்கை அன்னை போனார், சங்க காலம் போனது. இலைக்காம்பில் தொடங்கியது பதிவு. அதற்குள் இன்னொன்றும் தானாக வந்து உட்கார்ந்தது. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் என்ற, தேனீப் புழுக்களைத் தாக்கும் வைரஸ் நோய் வந்து இந்தப் பக்கத்துப் பெட்டிகள் காலியானதைப் பற்றி. பெட்டியைத் திறந்தால் புழு அறைக்குள்ளேயே செத்துக் கிடக்கும், எடுத்தால் தண்ணீர்ப் பை மாதிரி தொங்கிக்கொண்டு வரும் என்று இரண்டே வரி. எத்தனை குடும்பங்கள் அழுதன என்றெல்லாம் அவர் எழுதவில்லை. எழுதியிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன். அந்தத் தண்ணீர்ப் பையே போதும். பதிவுக்குக் கீழே வந்த முதல் கேள்வி: அதுக்கப்புறம் ஈ எங்கிருந்து கிடைச்சுது? நேசமணி எப்படி இருக்கிறார் என்பதற்குச் சமமான கேள்வி. அண்ணாச்சி அடுத்த பதிவை அதற்குப் பதிலாகத்தான் எழுதினார்.

இந்தக் கேள்வியின் அருமை எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதாக இருக்கக்கூடாது. வில்லுப்பாட்டில் நடுவில் இருப்பவர் கதை சொல்ல, பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போட்டு, 'அப்புறம்?' என்று கேட்டுக் கதையை இழுப்பார். சபை கேட்க நினைத்ததை அவர் கேட்டுவிடுவார். எழுதியதை ஒருவரிடம் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள், அவர் எந்த இடத்தில் 'அப்புறம்?' என்கிறார், எங்கே போனை எடுக்கிறார் என்று பாருங்கள். நான் இதை எல்லாரிடமும் சொல்கிறேன், கூச்சப்படாமல் செய்தவர்களுக்கு உடனே பலன் கிடைத்திருக்கிறது. சிரிப்பிலிருந்து பாடம் எடுப்பதும் இங்கே பழைய வழக்கம்தான். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், நந்தனார் சரித்திரத்தின் சாயலில் கிந்தனார் காலட்சேபம் செய்து, படிக்கப் போகிற ஒரு ஏழைப் பையனின் கதையை ஊரெல்லாம் சிரிக்கச் சிரிக்கக் கேட்க வைத்தவர்.

தோவாளையில் பூக்கட்டும் வீட்டிலிருந்து எழுதுகிற ஒரு தங்கச்சியையும் சொல்ல வேண்டும். தோவாளை மாணிக்க மாலை என்கிற பூமாலையைப் பற்றி எழுதினாள். மன்னர் காலத்துக் கதையை முதலில் வை, அப்போதுதான் மதிப்பாக இருக்கும் என்று அவள் மாமா பிடிவாதமாக நின்றிருக்கிறார். அவள் வைக்கவில்லை. அரளிப் பூவை எப்படி மடக்குவது, சம்பா நாரில் எப்படி நெருக்கிச் சேர்ப்பது, நொச்சி இலையின் பச்சை எங்கே வரும், விரலில் எந்த இடம் முதலில் காய்க்கும் என்று மட்டும் எழுதினாள். நான் கை வைக்க அதில் ஒன்றுமே இல்லை. மாமா சொன்னதைத் தட்டிவிட்டு எழுத ஒரு தைரியம் வேண்டும், அந்தப் பிள்ளையிடம் அது இருக்கிறது.

எல்லா ஆணியையும் பிடுங்கிவிடச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அண்ணாச்சியின் அப்பா மண்பானையைக் கவிழ்த்து ஈ பிடித்த கதை பதிவின் விஷயத்தோடு ஒட்டாது, நீக்கிவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். அவர் வீட்டைத் தவிர வேறு எங்கேயும் அந்தக் கதை கிடைக்காது.

இப்போது அண்ணாச்சி சிறுதேனீயைப் பற்றி எழுதுகிறார். முதல் பத்தி கைக்கு வந்திருக்கிறது, 'அருட்கொடை' மறுபடியும் எட்டிப் பார்க்கிறது. கோடு போட்டு, ஏன் என்றும் பக்கத்தில் எழுதித்தான் திருப்பித் தரப் போகிறேன். கவுண்டமணி செந்திலிடமிருந்தோ நாகேஷிடமிருந்தோ இப்படி ஏதாவது எடுத்துக்கொண்டவர்கள் இங்கே இருந்தால், எந்தக் காட்சி, அதை வைத்து எந்த வரியை மாற்றினீர்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள். அண்ணாச்சிக்கும் வாசித்துக் காட்டுகிறேன்.